வெட்டு மேசையில் பிரபஞ்சம்

12 மே

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பழைய தையல் மெஷின் மட்டும் இரண்டு நாளாக இருமுகிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன். நீ மலைமேல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உங்கள் ரேடியோ தொலைநோக்கிக்குப் பக்கத்தில் போனே வைத்திருக்கக் கூடாது என்பதை உன் அண்ணன் இன்னமும் நம்பவில்லை. அவ்வளவு பெரிய இரும்புக் கிண்ணம் ஒரு போனுக்கா பயப்படும் என்கிறான். வானத்திலிருந்து வருவது அத்தனை மெல்லிசு, போன் குறுக்கே விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று நீ சொன்னதை அவனுக்கு நான் விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

லீவில் வந்தவள் இருபது நாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்துவிட்டுப் போனாய். இங்கே யாருக்கும் வேலை ஓடவில்லை. நம் காஜா அக்கா இருக்கிறாரே, பதினெட்டு வருஷமாகச் சட்டையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பதைத் தவிர வேறு எதிலும் தலையிடாதவர், அவர் நேற்று ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் மாஸ்டர், பிரபஞ்சம் விரியுது விரியுதுன்னு சின்னவ சொன்னாளே, எதுக்குள்ள விரியுது? அதுக்கு இடம் வேணாமா?” என்று கேட்டார். நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பலமாக யோசித்தேன். உள்ளே துணி விட்டுத் தைத்திருப்பார்கள், உடம்பு போடப் போடப் பிரித்து விடுகிறார்கள் என்றேன். அக்கா ஒத்துக்கொண்டார்.

இஸ்திரி போடுகிறவருக்கு நீ சொன்ன இஸ்திரிப் பெட்டிக் கதைதான் பிடித்திருக்கிறது. பெட்டியை அணைத்த பிறகும் சூடு மிச்சமிருக்கிற மாதிரி, பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் இன்னும் எல்லாத் திசையிலும் இருக்கிறது, அதைத்தான் நாங்கள் கேட்கிறோம் என்றாயே. அன்றிலிருந்து பெட்டியை அணைத்துவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். கையைச் சுட்டுக்கொண்டால், “அய்யோ, இது இப்பத்தான் பொறந்திருக்கு” என்கிறார். சுடாவிட்டால் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம் ஆகிவிட்டதாம்.

அப்புறம், கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாயே, நீ கேட்ட அந்தப் பழுப்புப் பேப்பர் சுருள். கடையிலும் வீட்டிலும் நன்றாகத் தேடிவிட்டேன், இல்லை. நீ கிளம்பிய அன்று அதை உன் நீலப் பெட்டியில், ஸ்வெட்டருக்கு அடியில், நீயே வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். கிளம்பிய அவசரத்தில் மறந்திருப்பாய், அங்கேதான் எங்கேயாவது இருக்கும். உன் அறையில் கூட இருக்கும் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார். கை மாறியிருக்கலாம். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. ஒரு தடவை வந்த கணக்கு இன்னொரு தடவை வராதா?

வேறு விசேஷம் இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு அறுபது சட்டை ஆர்டர் நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். காதுக்குத் துணி கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா எழுதுகிறேன். எல்லாவற்றையும் அப்பாவே எழுதிவிட்டு எனக்கு இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறார். பேப்பரை அங்கேயே நல்லாத் தேடு கண்ணு. உன் அப்பா எதையும் தொலைக்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும்.


24 ஜூன்

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. படித்த பிறகு அப்பா முகத்தில் விழிக்கவே பிடிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

உன் பேப்பரை வெட்டியது நான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. முப்பத்தாறு வருஷமாகக் கத்திரி பிடிக்கிறவன், பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நீ கிளம்பிய நாலாம் நாள் ஆஸ்பத்திரி ஆர்டருக்கு வெட்ட உட்கார்ந்தேன். பேப்பரில் வெட்டிப் பார்க்காமல் மொத்தத் துணியில் கத்திரி வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கென்று பேப்பர் தீர்ந்துவிட்டது. கடைத்தெருவில் பேப்பர்க் கடை பூட்டியிருந்தது. மூலையில் உன் சுருள் நின்றது. பன்னிரண்டு அடி, பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல் சுத்தமாக. எங்கள் தொழிலில் ஒரு பக்கம் எழுதிய பேப்பர் என்றால் இன்னும் பாதி மிச்சம் இருக்கிற பேப்பர். ஒருத்தரின் அளவுச் சீட்டுக்குப் பின்பக்கம்தான் அடுத்தவரின் அளவு. நீ இருபது நாள் குனிந்து குனிந்து போட்ட கணக்கு முடிந்துவிட்டது, அதை நோட்டில் ஏற்றியிருப்பாய், இது வெறும் கழிவுதான் என்று நினைத்தேன். கிளம்பும்போது நீ, “பெட்டியில இடமிருந்தா எடுத்துக்கறேன், இல்லேன்னா பத்திரமா எடுத்து வைங்கப்பா, பாதிதான் காப்பி பண்ணியிருக்கேன்” என்று சொன்னாய். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன். தலை ஆட்டியது ஞாபகம் இருந்தது; எதற்கு ஆட்டினேன் என்பது கத்திரியை எடுத்தபோது ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசாக வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் தவறு என்று சொல்லலாம். இனிமேல் எழுதுவதுதான் வெட்கக்கேடு.

வெட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். கைக்கு வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன மாஸ்டர், பேப்பர் பூரா என்னமோ எழுதியிருக்கு?” என்றார். நான், “ஒண்ணுமில்ல சார், வீட்டுல புள்ளை கிறுக்கி வச்சிருக்கு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “எத்தனாங் கிளாஸ் படிக்குது?” என்று கேட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்தேன் சின்னவளே. இருபத்தேழு வயசில், வானம் எப்படிப் பிறந்தது என்று கணக்குப் போடுகிற பெண்ணை, ஒன்றாங் கிளாஸ் பிள்ளை என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். என் மகள் இன்னது செய்கிறாள் என்று சொல்லியிருந்தால், அது என்ன, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவர் அடுத்ததைக் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. நாலு பேர் முன்னால் முழிக்க வேண்டுமே என்ற கூச்சம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன் படிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் உன்னைப் பற்றி வீதி முழுக்கப் பீற்றிக்கொள்கிறவன் நான்.

பிறகு நீ பேப்பரைக் கேட்டு எழுதினாய். உண்மையைச் சொன்னால் கிறுக்கல் என்று சொன்னதும் சேர்ந்து வெளியே வந்துவிடும் போல ஒரு பயம். நீயே பெட்டியில் வைத்தாய் என்று எழுதினேன். பொய்யாவது ஒரு பொய்யாக இருந்ததா? நீலப் பெட்டி, ஸ்வெட்டர், அடியில் என்று அளவெடுத்துப் பொருத்தினேன். போதாததற்கு உன்கூட இருக்கும் பெண்ணைக் கேட்டுப் பார் என்று கையையும் காட்டிவிட்டேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

உன் அடுத்த கடிதத்தை அம்மாதான் சத்தமாகப் படித்தாள். நீ அந்தப் பெண்ணைக் கேட்டதும், அவள் எடுக்கவில்லை என்று அழுததும், அவளும் அதே கணக்கில்தான் வேலை செய்கிறாள் என்பதால் உனக்கு நம்பிக்கை வராததும், விஷயம் உன் பேராசிரியர் காதுக்குப் போனதும், அவள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போனதும், சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதும். முதல் குளிரில் தன் கம்பளியை உனக்குப் போர்த்திவிட்டாளே, நீ கண்ணாடிக்காரி என்று பேர் வைத்து எழுதுவாயே, அதே பெண். படித்துக்கொண்டே வந்த அம்மா, “கூடவே இருந்துட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ அவளுக்கு, நல்லா இருப்பாளா” என்று திட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் “ம்” என்றேன்.

வெட்டியதற்குக்கூட மன்னிப்பு உண்டு என்று தோன்றுகிறது. அந்த “ம்”-க்கு உண்டா என்று தெரியவில்லை.

மறுநாள் காஜா அக்கா ஆணியில் மாட்டியிருந்த, சட்டைக் கைக்கு வெட்டிய பேப்பரை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். “மாஸ்டர், இது நம்ம சின்னவ கையெழுத்தாச்சே?” என்றார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் விஷயமும்தான். கத்துவாள் என்று பார்த்தேன். கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, “அந்தப் பொண்ணைத் திட்டினேனே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?” என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை.

பார்சலுக்கு வருகிறேன். சட்டைக்கு வெட்டிய துண்டுகள் எல்லாம் ஆணியிலேயே இருந்தன. ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கழித்த பேப்பரிலும் உன் எழுத்து உண்டே. அதெல்லாம் வெட்டுத்துணி மூட்டையோடு மெத்தைக்காரரிடம் போய்விட்டது. அவர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். என் மகள் பிரபஞ்சம் எப்படி உண்டானது என்று ஆராய்ச்சி செய்கிறாள், அவளுடைய கணக்கு உங்கள் மூட்டையில் இருக்கிறது என்றேன். இந்தத் தடவை கூச்சப்படவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பிரிக்காத மூட்டை மூணு இருக்கு, உள்ள போய்த் தேடிக்குங்க” என்றார். இரண்டு நாள் பஞ்சுக்குள் உட்கார்ந்து தேடினேன். தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது தலை புருவமெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து உன் அண்ணன், “என்னப்பா ஒரே நாள்ல இவ்வளவு வயசாயிடுச்சு?” என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சேர்ப்பது அதைவிடப் பாடு. வெட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். முன்பக்கம் இடப்புறம், பின்பக்கம் வலப்புறம், இடுக்கில் காலர், ஓரத்தில் கை. எப்போதும் அப்படித்தான் போடுவேன். ஆனால் கழித்த துண்டுகளுக்கு எழுத்துதான் வழி. பாதி எண் இதில், மீதி அதில். பாதி எட்டுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று முறைத்துப் பார்த்தே ஒரு மத்தியானம் போனது. ஒரு துண்டை நான் தலைகீழாகவே வைத்து, பொருந்தவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். அதைத் திருப்பி வைத்தாள். பொருந்தியது. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்பக்கம் முழுக்கப் பசை நாடா ஒட்டியிருக்கிறேன். தைக்கவில்லை. ஊசி ஏறினால் எண்ணில் ஓட்டை விழும், உன் கணக்கில் நான் ஒரு புள்ளி வைத்ததாக ஆகிவிடும் என்று பயம். கணக்கின் ஆரம்பம் கிடைத்துவிட்டது, அது காலரில் இருந்தது. முடிவும் இருக்கிறது, வலது கைத் துண்டில். நடுவில், சட்டையில் கை பொருத்துகிற இடத்தில் கழித்த ஒரு கைக்குழித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. பிறை மாதிரி வளைந்து, ஏழு அங்குல நீளம். ஏற்கெனவே ஒரு மெத்தைக்குள் போய்த் தைத்தாகிவிட்டது போல. யாரோ ஒருவர் அதன்மேல் படுத்து நிம்மதியாகத் தூங்குகிறார். அதே வளைவில் வெற்றுப் பேப்பரை வெட்டி அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று உனக்குத்தான் தெரியும். உனக்கும் தெரியாவிட்டால் அந்தக் கண்ணாடிக்காரிக்குத் தெரியலாம். அதே கணக்குத்தானே போடுகிறாள்.

மேசையில் குனிந்திருந்த நாட்களில் நீ சொன்ன ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசிமுனைகூட இல்லாத இடத்திலிருந்து இத்தனையும் விரிந்தது என்றாய். அப்போது நான் நம்பவில்லை; மகள் சொல்கிறாளே என்று தலையாட்டினேன். இப்போது நம்புகிறேன். “ஒண்ணுமில்ல சார்” என்று நான் சொன்ன ஒரு வார்த்தைதான். அது எங்கேயோ மலைமேல் முகம் தெரியாத ஒரு பெண்ணைத் திருடியாக்கி, தனியாக உட்கார்ந்து சாப்பிட வைக்கிற அளவுக்கு விரிந்துவிட்டது. எதற்குள் விரிந்தது என்று காஜா அக்கா இனிமேல் கேட்டால், உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

வருகிற பத்தாம் தேதிக்குள் பேராசிரியரிடம் காட்ட வேண்டும் என்றாய். பார்சல் ஐந்து நாளில் வந்துவிடும் என்று தபால்காரர் உறுதி சொன்னார். இந்தக் கடிதத்தையே பேராசிரியரிடம் கொடுத்துவிடு. மொழி தெரியாதவர் என்றால் ஒரு வரி விடாமல் படித்துச் சொல். நான் சிரித்ததையும் சொல். அடியில் கடை முத்திரை குத்தியிருக்கிறேன்.

ஆனால் அவரிடம் போகும் முன் அந்தப் பெண்ணிடம் போ. அவளுக்குத் தனி உறை வைத்திருக்கிறேன். நம் பாஷை படிப்பாள் என்று நீ எழுதிய ஞாபகம். யார் மூலமும் அனுப்பாதே, உன் கையால் கொடு. நீ அவளைச் சந்தேகப்பட்டது என் பேச்சைக் கேட்டு. அதனால் அவள் திட்டினால் நீ வாங்கிக்கொள், எனக்காக.

அம்மாவுக்கு வழக்கம்போல் கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுத மாட்டேன் என்று தலையசைத்தாள். இடத்தை அடைக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அப்பா


24 ஜூன்

என் மகளின் தோழிக்கு,

உங்கள் பெயரைக்கூட நான் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. மகள் வைத்த பட்டப்பெயர்தான் தெரியும். அதை எழுதக் கை வரவில்லை. வயதில் நீங்கள் என் மகள்தான். ஆனாலும் உங்களுக்கு நான் செய்ததற்குப் பிறகு நீ, வா, போ என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் எதையும் எடுக்கவில்லை. அந்தப் பேப்பரை வெட்டியவன் நான். நீங்கள் எடுத்திருக்கலாம் என்று மகளுக்கு எழுதியவனும் நான். உண்மை தெரிந்தும் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். மகள் இந்த உறையைக் கொண்டுவரும்போது அவள்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். அதில் முக்கால் பங்கு என்னுடையது, அதை என் பேருக்கு எழுதிவையுங்கள்.

மகள் இங்கே இருந்தபோது உங்களைப் பற்றி நிறையச் சொன்னாள். இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வானத்தின் இரைச்சலைக் கேட்பீர்களாம். அவள் தூங்கிப்போவாளாம், அவள் பங்கையும் நீங்களே குறித்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து கேட்டதாக எழுதுவீர்களாம். அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அந்தப் பெண்ணைத்தான் திருடி என்று சொல்ல வைத்தேன் என்பது, இதை எழுதும்போதுதான் முழுசாக உறைக்கிறது.

என்னிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு தொழில். உங்களுக்கு ஒரு குளிர்ச் சட்டை தைக்க விரும்புகிறேன். துணியை அவள் அம்மா எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். என்னோடு பேசாதவள் அதை மட்டும் செய்தாள். சாம்பல் நிறம், உள்ளே மெத்தென்று இருக்கும். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டேன். துணி அலமாரியில் காத்திருக்கும்.

வேண்டும் என்றால் எனக்கு அளவு வேண்டும். உறையில் என் டேப்பை வைத்திருக்கிறேன். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு அகலம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யாரும் தன் முதுகைத் தானே அளக்க முடியாது. ஊருக்கே அளவெடுக்கிற நானே, என் சட்டைக்கு என்றால் மனைவியிடம்தான் முதுகைக் காட்டி நிற்பேன். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை டேப்பைப் பிடிக்க இன்னொருவர் கை வேண்டும். கொஞ்சம் இழுத்தாலும் தப்பு, தளர்ந்தாலும் தப்பு. சிறு வயதிலிருந்து என் கடையில் டேப் பிடித்தவள் ஒருத்தி இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாள்.

கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் அவளுக்கு உங்கள் முதுகைக் காட்டுங்கள் அம்மா. அளவு தப்பாமல் எடுப்பாள்.

நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா